செராஃபினாவின் பத்து வருஷ ஒயின்

ரியோனேரோ ஊர்ச் சதுக்கத்தின் மூலையில் இருக்கிற பெட்டிக்கடையில் செய்தித்தாளும் பேருந்துச் சீட்டும் விற்பவள் செராஃபினா. விற்பது என்பது பேச்சுக்குத்தான். பாதிப் பேர் அங்கே வருவது பேப்பரில் வராத செய்தியைக் கேட்பதற்கு. யார் வீட்டில் யாருக்கு என்ன என்பது கடை திறந்த சூட்டோடு அவள் காதுக்கு வந்துவிடும். வந்ததை அவளாக யாரிடமும் சொல்லமாட்டாள். கேட்டால்தான் சொல்வாள்.

அறுபத்தோரு வயதில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அந்த ஒரு செய்தி மட்டும் ஊருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மாப்பிள்ளை கானியோ வாயைத் திறக்கிற ஆள் இல்லை. அவன் வீட்டுக்கே ஊரில் ‘ஊமை வீடு’ என்றுதான் பெயர். ரயில் நிலையத்தில் கொடி காட்டி ஓய்வு பெற்றவன். வண்டி இன்ன நேரத்துக்கு வரும் என்று அவன் சொல்லி, அது தாமதமாகிவிட்டால், வாக்குத் தவறியவன் தானே என்பதுபோல முகம் தொங்கிப்போய் நடைமேடையில் நிற்பான். பயணிகளே அவனைச் சமாதானப்படுத்துவார்கள்.

இருபது வருஷத்துக்கும் மேலாகத் தினமும் காலையில் அவள் கடையில் பேப்பர் வாங்கியவன். “வணக்கம்”, “நன்றி”, மழை பெய்தால் மட்டும் கூடுதலாக “மழை”. அப்படிப்பட்டவன் போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்: “ரெண்டு வீட்டுக்கு ரெண்டு பேப்பர் எதுக்குங்க?”

பேப்பர் விற்கிறவள் வீட்டுக்கு எவளாவது காசு கொடுத்துப் பேப்பர் வாங்குவாளா? அந்தக் கேள்விக்கு அர்த்தமே கிடையாது. ஆனாலும் செராஃபினாவுக்குப் புரிந்துவிட்டது. அன்று இரண்டு பேருக்குத் தப்பான பேருந்துச் சீட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் வீத்தோ, கட்டடம் கட்டுகிறவன், சிரித்த முகம். ஆறு வருஷம் வாழ்ந்தார்கள். ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்தான். முப்பத்து மூன்று வயதில் அவள் தனியாளானாள். அந்தத் துக்கத்தை அவள் சுமந்து கரைத்துவிட்டாள். கரைக்க முடியாமல் போனது அன்னங்களைத்தான்.

அன்னங்கள் என்றால் பீங்கான் அன்னங்கள். எங்கள் பக்கத்தில் கல்யாண விருந்து முடிந்து கிளம்புகிறவர்கள் கையில் வீட்டுக்கொன்றாகக் கொடுத்தனுப்புகிற பரிசுக்குப் பொம்போனியேரா என்று பெயர். வலைத்துணியில் முடிந்த ஐந்து சர்க்கரை பாதாம், கூடவே பீங்கானிலோ வெள்ளியிலோ ஒரு பொருள். வாங்கிப் போகிறவர்கள் பாதாமைத் தின்பார்கள். பொருளைச் சாப்பாட்டு அறையில் விளக்குப் போட்ட கண்ணாடி அலமாரியில் ஏற்றிவிடுவார்கள். பிறகு அதை யாரும் தொடமாட்டார்கள், தூசி தட்டுவதைத் தவிர. வீத்தோவும் செராஃபினாவும் கொடுத்தது கழுத்தை வளைத்த அன்னம். வீத்தோ போய்விட்டான். அன்னம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. காப்பி குடிக்க எந்த வீட்டுக்குப் போனாலும் அலமாரிக்குள்ளிருந்து அது அவளைப் பார்க்கும். இருபத்தெட்டு வருஷமாக அலமாரிக்கு முதுகைக் காட்டுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து பழகிவிட்டாள்.

அதனால்தான் இந்தக் கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது என்று அக்கா ரோக்கினா கேட்டபோது, செராஃபினா யோசிக்காமல் “ஒயின்” என்றாள்.

ரோக்கினா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ஏழு வயது மூத்தவள். தங்கை செய்கிற எதையும் முதலில் பழித்துவிட்டுத்தான் பிறகு உதவி செய்வாள்.

“ஒயினா? ஏண்டி, இந்த ஊர்ல ஆளுக்கொரு குகை வச்சுக்கிட்டு அதுக்குள்ள பீப்பாய் பீப்பாயா வச்சிருக்கானுங்க. அவனுங்களுக்குப் போய் ஒயின் கொடுக்கப் போறியா? வெள்ளியில ஒரு சின்ன போட்டோ சட்டம் கொடு. கௌரவமா இருக்கும்.”

“அவங்க குகையில இருக்கறது அடுத்த அறுவடை வரைக்கும் குடிச்சுத் தீர்க்கறது. நான் கொடுக்கறது பத்து வருஷம் வச்சிருந்து திறக்கறது. பத்தாவது கல்யாண நாளன்னிக்கு.”

“யாரோட பத்தாவது கல்யாண நாள்?”

“எங்களோடதுதான். வேற யாரோடது?”

ரோக்கினா விரல்விட்டு எண்ணினாள். எண்ணத் தேவையே இல்லை, தங்கைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக எண்ணினாள். “உனக்கு எழுபத்தொண்ணு. அவனுக்கு எழுபத்தாறு. எனக்கு எழுபத்தெட்டு. நல்லா இருக்குடி. பல்லு இல்லாதவங்களுக்குக் குடிக்கறதுதான் சௌகரியம்.”

செராஃபினா சிரித்துவிட்டாள். ஆனால் மனசு மாறவில்லை. ஊர் இந்தக் கல்யாணத்தை எப்படிப் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரியும். வயசான காலத்தில் ஒருவருக்கொருவர் துணை, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள். அவள் கேட்டது அது இல்லை. இருபத்தேழு வயதுக்காரி கல்யாணம் செய்தால் அவளுக்கு முன்னால் வருஷங்கள் இருப்பதாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்களே, அதேபோலத் தனக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இதில் என்ன தப்பு? வீத்தோவுடன் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். கிடைத்தது ஆறு.

நல்லவேளை, பிறந்த மலை அவளுக்குக் கைகொடுத்தது. எங்கள் வுல்தூரே ஒருகாலத்தில் நெருப்பு கக்கிய மலை. அதன் கறுப்பு மண்ணில் விளைகிற அல்யானிக்கோ திராட்சை ஒரு பிடிவாதக்காரப் பிள்ளை. மற்ற ஊர்க்காரர்கள் அறுத்து, பிழிந்து, கைகழுவி உட்கார்ந்த பிறகு, மலையில் குளிர் இறங்குகிற நேரத்தில்தான் பழுக்கும். இளசாகக் குடித்தால் துவர்ப்பு ஈறைப் பிடித்து இழுக்கும். வைத்திருந்தால்தான் வழிக்கு வரும். பேர் பெற்றவர்கள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பி நல்ல விலை பார்க்கிறார்கள். அந்த விலைக்கு நாற்பது வீட்டுக்கு வாங்க வேண்டுமென்றால் செராஃபினா கடையை விற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது பேர் இல்லாத, ஆனால் ஆயுள் இருக்கிற ஒயின்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கானியோவின் பழைய காரில் இருவரும் மலையைச் சுற்றினார்கள். காதலர்கள் மாதிரி என்று சொல்ல ஆசைதான், ஆனால் காரில் அவன் சாலையைப் பார்த்தான், அவள் பேசினாள். கடைசியாக மலைக்கு மேலே, சந்தைக்கோ கண்காட்சிக்கோ இறங்கியே வராத சவேரியோ என்பவனிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவனுடைய மூக்கே திராட்சைப்பழ நிறத்தில் இருந்தது.

“பத்து வருஷம் தாங்குமா?” என்று கேட்டாள் செராஃபினா.

“தாங்கும்னு சொல்லாத வியாபாரி உண்டாம்மா? என் பேச்சை நம்பாதீங்க. நீங்க வேற எங்கெங்க போனீங்களோ அங்கேயும் ஒண்ணு வாங்குங்க, என்கிட்ட ஒண்ணு வாங்குங்க. ஒரே நேரத்துல திறங்க. ஒரு வாய் குடிச்சுட்டு, தக்கையை லேசா சொருகி அடுப்படியில வச்சிருங்க. மறுநாள் ஒரு வாய். அதுக்கு மறுநாள் ஒரு வாய். எது நாளுக்கு நாள் நல்லா ஆகுதோ அதுக்குத்தான் உயிர் இருக்கு. முதல் நாளே இனிச்சுப் பேசறதை எல்லாம் நம்பிடாதீங்க.”

“இது ஒயினுக்கா, மாப்பிள்ளைக்கா?” என்றாள் அவள். சவேரியோ கானியோவைப் பார்த்து உரக்கச் சிரித்தான். கானியோவுக்குக் காது சிவந்துவிட்டது.

அந்த வாரம் செராஃபினாவின் அடுப்படியில் மூன்று பாட்டில்கள் வரிசையாக நின்றன. கடையை மூடியதும் கானியோ வருவான். பொரித்த சிவப்பு மிளகாய் வற்றலை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு இருவரும் சுவை பார்ப்பார்கள். முதல் நாள் முதல் பாட்டில் தேனாக இருந்தது. சவேரியோவுடையது வாயைக் கட்டிப்போட்டது. செராஃபினாவாலேயே சிறிது நேரம் பேச முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் தேனாக இருந்தது சப்பென்று ஆயிற்று, இரண்டாவது புளிக்கத் தொடங்கியது. சவேரியோவுடையது மட்டும் முறைப்பைக் குறைத்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் அதிலிருந்து காய்ந்த கறுப்புப் பழமும் மழை பெய்த மண்ணும் மாதிரி ஒரு வாசனை எழும்பியது. வாரக் கடைசியில் செராஃபினா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இதுதான்,” என்றாள். “விலையும் நம்ம கைக்கு அடக்கம். கானியோ, பத்து வருஷம் கழிச்சு இது எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரேன்.”

கானியோ நினைத்துப் பார்த்தான்போல. கோப்பையைக் கீழே வைத்தான்.

“செராஃபினா, இப்பவே குடிக்கற மாதிரி ஒண்ணு வாங்கிடலாமே.”

“ஏன்?”

“எல்லாரும் விருந்தோட குடிச்சுட்டு சந்தோஷமா போவாங்க. நமக்கு எதுக்குப் பத்து வருஷம்?”

அவளுக்கு முதலில் காதில் விழவில்லை என்றுதான் தோன்றியது. பிறகு விழுந்தது.

“எங்க அப்பா அறுபத்தொன்பதுல போனாரு,” என்றான் அவன், மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டு. “பெரியண்ணன் அறுபத்தேழு. எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் எழுபதைப் பாத்ததில்ல. எனக்கு அறுபத்தாறு நடக்குது.”

“அப்ப என்னை எத்தனை வருஷத்துக்குக் கட்டிக்கறே? மூணா? நாலா?”

அவன் விரிப்பை நேராக்கினான். “உங்க இஷ்டம்,” என்றான். பயம் வந்தால் பழைய ‘நீங்க’ திரும்பிவிடும் அவனுக்கு.

அவளுடைய இஷ்டப்படியே சவேரியோவிடம் சொல்லியாயிற்று. ஆனால் அந்த ‘இஷ்டம்’ அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஊர் சிரிக்கலாம், அக்கா விரல்விட்டு எண்ணலாம். கட்டிக்கொள்கிறவனே எண்ணலாமா? இவனும் கடைசிக் கொஞ்ச தூரத்துக்குத் துணையாகத்தான் வருகிறானா? அன்று இரவு அவள் அழுதாள். மறுநாள் அவன் பேப்பர் வாங்க வந்தபோது மழை பெய்தது. அவன் “மழை” என்றான். அவள் “தெரியுது” என்றாள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. நீல உடையில் செராஃபினா அழகாக இருந்தாள், அதை ரோக்கினாவே ஒப்புக்கொண்டாள். “நீலம் உனக்கு எடுக்குதுடி, இதை முப்பது வருஷம் முன்னாடியே போட்டிருக்கலாம்” என்றாள். ஆட்டுக்கறி, கையால் உருட்டிய பாஸ்தா, சத்தம், ஆட்டம் எல்லாம் இருந்தது. கிளம்புகிறவர்கள் கையில் வலைத்துணி முடிச்சும், கழுத்தில் வெள்ளை ரிப்பன் கட்டிய பாட்டிலும் ஏறியது. ரிப்பனில் தொங்கிய அட்டையில் ‘எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு முன்னால் திறக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தது. படித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கசாப்புக் கடை நுன்சியோ, “பத்து வருஷமா? செராஃபினாக்கா, என் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?” என்றான். அன்றே இருவருக்கும் ஊரில் பட்டப்பெயர் விழுந்தது: ‘பத்து வருஷம்.’ பேச்சுக்கு ஆளாவதே பிடிக்காத கானியோ, தலையைக் குனிந்துகொண்டே எல்லோருக்கும் பாட்டில் எடுத்துக் கொடுத்தான்.

அடுத்த வாரம் செராஃபினா அக்கா வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனாள். வழக்கமான நாற்காலியில் யாரோ துணி மடித்து வைத்திருந்ததால் அலமாரியைப் பார்க்க உட்கார வேண்டியதாயிற்று. நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குள்ளே, பளீரென்ற விளக்குக்கு நேர் கீழே, பழைய அன்னத்துக்குப் பக்கத்தில் அவளுடைய பாட்டில் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது. ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை. பூப்போல விரித்துவிட்டிருந்தார்கள்.

“அக்கா! அதைப் படுக்க வைக்கணும். இருட்டுல, குளிர்ச்சியில. நின்னா தக்கை காஞ்சு காத்துப் புகுந்துரும். விளக்குச் சூட்டுல ரெண்டு கோடை தாங்காது, காடியாயிடும்!”

“பொம்போனியேராவைப் படுக்க வைக்கறதா?” ரோக்கினா நிஜமாகவே திகைத்தாள். “அது என்ன சீக்காளியா? படுத்திருந்தா அட்டை எப்படித் தெரியும்? அட்டை தெரியலேன்னா யார் கல்யாணத்துல கொடுத்ததுன்னு வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? உன் மரியாதைக்குத்தாண்டி நடுவுல வச்சிருக்கேன். மருமகளோட வெள்ளித் தட்டையே ஓரத்துக்குத் தள்ளிட்டேன்.”

உண்மைதான். அலமாரியில் அதுதான் நடுநாயகம். இதற்கு மேல் ஒரு மரியாதை ரோக்கினாவுக்குத் தெரியாது.

செராஃபினா அங்கிருந்து மருந்துக்கடைக்காரர் மனைவி லுக்ரேசியா வீட்டுக்குப் போனாள். அங்கேயும் நின்றது. அதற்கடுத்த வீட்டில் அலமாரியில் இடமில்லாமல் கணப்புக்கு மேலே நின்றது. நுன்சியோ வீட்டில் மட்டும் நிற்கவில்லை. அன்றிரவே குடித்துவிட்டிருந்தான். “மன்னிச்சுருக்கா. ஆனா தண்டனை கிடைச்சிருச்சு. மறுநாள் மதியம் வரைக்கும் என் நாக்கு மேலண்ணத்தைவிட்டு வரல” என்றான். உண்மையில் அவள் கொடுத்ததை ஒயினாக மதித்தவன் அவன் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்தாள். கானியோ பேப்பருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

“மறுபடியும் அன்னம்தான் கொடுத்திருக்கேன்,” என்றாள். “ஊரெல்லாம் அன்னம். நிக்க வச்சுப் பார்த்துக்கிட்டிருப்பாங்க. உள்ள செத்துக்கிட்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. பத்தாவது வருஷம் எவனாவது திறந்தான்னா காடி. எவன் திறக்கப் போறான்? நீ சொன்னது சரிதான். அன்னிக்கே குடிக்கற மாதிரி வாங்கியிருக்கணும். நமக்கு எதுக்குப் பத்து வருஷம்?”

அவனுடைய வார்த்தையே அவனுக்குத் திரும்பி வந்தது. கானியோ பேப்பரை மடித்தான். மடித்ததை மறுபடியும் மடித்தான். ஊமை வீடு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கடையில் முதல் செய்தி கொண்டுவந்தவள் லுக்ரேசியா. பேப்பர் வாங்கவில்லை. ஜன்னலுக்குள் தலையை நுழைத்துத் தணிந்த குரலில், “செராஃபினா, என்ன ஆச்சும்மா? எங்ககிட்ட சொல்லலாம்” என்றாள்.

“எதைச் சொல்றது?”

“உன் புருஷன் வந்து பொம்போனியேராவைத் திருப்பிக் கேட்டாரு. கொடுத்துட்டேன்.”

செராஃபினாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் ஊரில் கொடுத்த பொம்போனியேராவைத் திருப்பிக் கேட்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். கல்யாணம் முறிந்தால்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பின்னால் தொட்டி வைத்த மூன்று சக்கர வண்டியை எங்கேயோ இரவல் வாங்கிக்கொண்டு கானியோ தெருத் தெருவாகப் போகிறானாம். கதவைத் தட்டுகிறானாம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “கல்யாணத்துல கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்க” என்கிறானாம். ஒரு வீட்டில் மாட்டேன் என்றதற்கு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தானாம், கொடுக்கிற வரைக்கும். நுன்சியோ கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் கடையிலிருந்து ஓடிவந்தான். “அக்கா, என்கிட்டயும் கேட்டாரு. குடிச்சுட்டேன்னேன். என்னை அவரு பார்த்த பார்வை இருக்கே... சண்டைன்னா நான் வந்து பேசவா?”

“சண்டையெல்லாம் இல்ல, போடா,” என்று அவனை அனுப்பினாள். நேற்று அவள் பேசியதைக் கானியோ எப்படி எடுத்துக்கொண்டான்? நமக்கு எதுக்குப் பத்து வருஷம் என்று அவளே சொல்லிவிட்டாள், சரி என்று ஏற்றுக்கொண்டு விட்டானா? அவனுக்குத்தான் எதையும் சொல்லத் தெரியாதே. சொல்லாமலேயே போகிறவனாக இருந்தால்? வீத்தோவும் காலையில் சொல்லிக்கொள்ளாமல்தான் வேலைக்குப் போனான். அவள் கடையின் இரும்புக் கதவைப் பட்டப்பகலில் இழுத்து மூடினாள். சதுக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று சக்கர வண்டி பழைய தெருவின் அடியில், கானியோவின் அப்பா விட்டுப்போன குகையின் வாசலில் நின்றது. தொட்டி காலி. செராஃபினா சுவரைப் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கினாள். ஜூன் மாத வெயில் நான்காவது படியோடு நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு விளக்கு. கானியோ முட்டி போட்டு உட்கார்ந்து, கல்லைக் குடைந்த மாடத்தில் பாட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மாடத்துக்கு மேலேயும் சுண்ணாம்புக்கட்டியால் பெயர்கள் எழுதியிருந்தன. ரிப்பன்களை எல்லாம் அவிழ்த்து ஒரு ஆணியில் மாட்டியிருந்தான்.

“என்ன பண்றே?” என்றாள். மூச்சு வாங்கியது.

“படுக்க வைக்கறேன்.”

“எல்லார்கிட்டயும் என்னன்னு சொல்லிக் கேட்டே?”

“திருப்பிக் கொடுங்கன்னு.”

“அவ்வளவுதானா? நாம பிரிஞ்சுட்டோம்னு ஊரே பேசுது, கானியோ! லுக்ரேசியா எனக்குத் துக்கம் விசாரிச்சுட்டுப் போறா!”

அவன் நிஜமாகவே அதிர்ந்துபோனான். கையில் பாட்டிலோடு அப்படியே நிமிர்ந்தான். அந்த எண்ணம் அவனுக்கு வரவே இல்லை. “அப்படியா? ஆனா நான் இன்னொண்ணும் சொன்னேனே. அதை யாரும் சொல்லலியா?”

“என்ன சொன்னே?”

“பத்தாவது வருஷம் கல்யாண நாளன்னிக்கு நானே கொண்டுவந்து தர்றேன்னு.”

“எந்த வீட்ல?”

“எல்லா வீட்லயும்தான். ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லித்தான் வாங்கினேன். சொல்லாம எப்படி வாங்கறது?”

‘திருப்பிக் கொடுங்க’ என்ற முதல் பாதியிலேயே மிரண்டுபோய், ஊர் இரண்டாவது பாதியை விட்டுவிட்டிருந்தது. செராஃபினா பக்கத்திலிருந்த காலிப் பீப்பாயின் மேல் உட்கார்ந்தாள். பேச்சுக்கு ஆளாவதற்குப் பயந்து தெருவின் ஓரமாகவே நடந்து பழகிய மனுஷன். அவன் ஊரிலுள்ள கதவையெல்லாம் தட்டி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, இதைச் சொல்லியிருக்கிறான்.

“உனக்கு அப்ப எழுபத்தாறு வயசு,” என்றாள்.

“தெரியும்.”

“உங்க வீட்டு ஆம்பளைங்க...”

“அவங்க யாரும் யாருக்கும் எதுவும் தர்றேன்னு சொல்லல.” அவன் பாட்டிலை மெதுவாக மாடத்தில் வைத்தான். “நான் சொல்லிட்டேன். இத்தனை வீட்ல சொன்னதுக்கப்புறம் இடையில செத்தா மானம் போயிடும் செராஃபினா. நீயே சொல்லு, போகாதா?”

அவள் சிரித்தாள். சிரிப்பு என்று தொடங்கியது வேறெங்கோ போய் முடிந்தது. அவன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். என்ன செய்வது என்று தெரியாமல் சுண்ணாம்பு ஒட்டிய கையை அவள் தோளில் வைத்தான். அவளுடைய கறுப்புச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

அப்போது படியில் யாரோ இறங்குகிற சத்தம் கேட்டது. திட்டிக்கொண்டே இறங்கினார்கள். ரோக்கினா.

“இப்படியா படி கட்டுவான் மனுஷன்! ஊமை வீட்டுப் படியும் ஊமைதான், எங்க முடியுதுன்னு சொல்ல மாட்டேங்குது.” கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். விரித்த ரிப்பன் கசங்கியிருந்தது. “என் வீட்டுக்குக் காலையில வந்து தட்டினான் இவன். நான் கதவைத் திறக்கல. என் தங்கச்சி எனக்குக் கொடுத்ததைக் கேட்க இவன் யாருன்னு இருந்துட்டேன். அப்புறம் லுக்ரேசியா சொன்னா, இவன் பத்து வருஷம் கழிச்சுத் தன் கையால கொண்டுவந்து தர்றதா எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கானாம். எல்லாருக்கும்! எனக்கு மட்டும் இல்லியா?”

“நீங்க கதவைத் திறக்கலியே அண்ணி,” என்றான் கானியோ.

“இப்ப திறந்துட்டேன். சொல்லு.”

கானியோ தொப்பியைத் தேடினான். அது மேலே வண்டியில் இருந்தது. வெறுந்தலையோடு நேராக நின்று, நிலையத்தில் வண்டி நேரம் அறிவிக்கிற குரலில் சொன்னான்: “பத்தாவது வருஷம், கல்யாண நாளன்னிக்கு, நானே கொண்டுவந்து தர்றேன்.”

ரோக்கினா பாட்டிலை அவனிடம் நீட்டினாள். அவன் அதைப் படுக்க வைத்துவிட்டு, மாடத்துக்கு மேலே மற்றப் பெயர்களைப்போலச் சின்னதாக அவள் பெயரை எழுதினான்.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “இன்னும் பெரிசா எழுதுடா. அப்ப எனக்குக் கண்ணு தெரியாது.”

கானியோ சட்டைக் கையால் அழித்துவிட்டு, மாடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எழுதினான்.